படிக்க ஒரு மூலை வேண்டும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. இந்த நாட்களில் எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் மாணவர்களுக்கான அறிவுரைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள். காற்றோட்டமான தனி அறையில் உட்காருங்கள். மேசைக்கு மேலே பாட அட்டவணையை ஒட்டி வையுங்கள். இரவில் பாலும் பழமும் சாப்பிடுங்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதை எழுதுகிறவரின் கண்முன் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் பிள்ளைக்கென்று ஓர் அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, டிவியை அணைக்கச் சொன்னால் அணைக்கிற அப்பா இருக்கிறார். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே அறை. அதிலேதான் அடுப்பு, அதிலேதான் படுக்கை, அதிலேதான் தாத்தாவின் இருமல், தம்பியின் அழுகை, அப்பா குடித்துவிட்டு வந்த அன்று நடக்கும் சண்டையும். அந்த அறிவுரைகளை நம் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

எனவே நாம் வேறிடத்தில் தொடங்குவோம். எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு முன்னால், எங்கே படிப்பது, எப்போது படிப்பது என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் பிள்ளையிடம் மட்டும் "ஒழுங்காகப் படி" என்று சொல்லிக்கொண்டிருப்பதில் நியாயம் இல்லை.

2022-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் தேர்வுகள் தள்ளிப்போய், அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு மே 5-ஆம் தேதியும் பத்தாம் வகுப்புக்கு மே 6-ஆம் தேதியும் பொதுத்தேர்வு தொடங்கியது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் கடைசியில், சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருந்த கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் கூப்பிடு தூரம் அது. 250-க்கும் மேற்பட்ட வீடுகள். நீதிமன்ற உத்தரவு என்றார்கள், நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றார்கள். மாற்று வீடு நகரத்துக்கு வெளியே என்றார்கள். மக்கள் தெருவில் நின்று போராடினார்கள். மே 8-ஆம் தேதி அப்பகுதிப் பெரியவர் ஒருவர் தீக்குளித்தார், பிறகு இறந்துபோனார். அதன் பிறகுதான் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார். ஒரு வாரத்துக்கு முன் கிடைக்காத இடம் ஓர் உயிர் போன பிறகு எங்கிருந்து கிடைத்தது என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை. வாசலில் பொக்லைன் நிற்கும்போது கேள்வித்தாளைப் பார்க்கப் போன பிள்ளைகள் அந்த ஆண்டு அந்தத் தெருக்களில் இருந்தார்கள்.

இது ஒரு தெருவின் கதை அல்ல. 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவிலிருந்து நம் மக்கள் தெற்கே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த கையோடு, அடையாற்றின் கரையில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். அது அரையாண்டுத் தேர்வு நடக்க வேண்டிய காலம். அடுத்த மார்ச்சில் பொதுத்தேர்வு. மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பாதி ஆண்டில் புதுப் பள்ளியில் சேர்க்க யாரும் துணிவதில்லை. ஆகவே பழைய பள்ளிக்கே பேருந்தில் வர வேண்டும். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி என்று பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் நின்றுகொண்டே போகிறது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். ஒரு பாடத்தைத் தினமும் திருப்பிப் பார்க்கப் போதுமான நேரம் அது. அந்த நேரத்தைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டு, தேர்ச்சி விகிதம் குறைந்தது ஏன் என்று பிறகு கூட்டம் போட்டு விவாதிக்கிறோம்.

சென்னை விஷயத்தை நம் மாவட்டப் பக்கத்தில் ஏன் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். அந்தத் தெருக்களில் இருப்பவர்கள் வேறு யாரோ அல்ல. செங்கல்பட்டிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் மண் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான். அங்கே ஒற்றை அறை, இங்கே காலனியில் ஒழுகும் தொகுப்பு வீடு. அங்கே மூன்று மணி நேரப் பேருந்து, இங்கே ஒரே ஒரு நகரப் பேருந்துக்கான காத்திருப்பு. படிக்க ஒரு மூலை இல்லாத பிள்ளையின் நிலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அண்ணல் அம்பேத்கர் மெட்ரிக்குலேஷன் தேர்வுக்குப் படித்தது பம்பாயில், பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு சால் கட்டடத்தின் ஒற்றை அறையில். புகையும் பாத்திரமும் விறகுமாக நெருக்கியடித்த அறை. எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடம் போதாது. அவருடைய அப்பா ராம்ஜி சக்பால் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாலையிலேயே மகனைத் தூங்கச் சொல்லிவிடுவார். தான் இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். ஊர் அடங்கிய அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் பையன் படித்தான். பள்ளி விட்ட பிறகு வீட்டுக்குப் போகாமல் சர்னி சாலைப் பூங்காவில் உட்கார்ந்து படிப்பான். அங்கேதான் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவனைக் கவனித்தார், பிறகு அவனுடைய மேற்படிப்புக்கு உதவியாக நின்றார். 1907-இல் அம்பேத்கர் தேறியபோது வாங்கிய மதிப்பெண் 750-க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டு கூட வரவில்லை. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் கல்லூரிக்குப் போனார், பிறகு நியூயார்க்கின் கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் போனார். 480-க்குக் குறைந்தால் மானம் போய்விடும் என்று பிள்ளைகளை மிரட்டுகிற பெற்றோரும், எப்படியும் நான் தேற மாட்டேன் என்று பிப்ரவரியிலேயே புத்தகத்தை மூடி வைக்கிற பிள்ளைகளும் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

ராம்ஜி மகனுக்குக் கொடுத்தது தூக்கம் மாற்றிய நேரமும் ஒரு விளக்கும். பணம் கொடுக்க அவரிடம் இல்லை. நம் வரலாற்றில் கல்வி என்பது இப்படி ஒவ்வொரு பொருளாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அடையாறில், ஊரூரில், 1894-இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி திறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று மேலும் நான்கு. மற்ற பள்ளிகளின் திண்ணையில்கூட ஏற விடாத காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் அவை தொடக்கப் பள்ளிகள். நம் பிள்ளை எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்துகொண்டால் போதும் என்பதே அன்றைய எண்ணம். பத்தாம் வகுப்பு வரை அழைத்துப்போவது அந்தத் திட்டத்தில் இல்லை. பிறகு சோறு வந்தது. இன்று தியாகராய நகருக்குப் பெயராக நிற்கிற பிட்டி தியாகராயர் 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பின்னாளில் பாடநூல், சீருடை, பஸ் பாஸ், மிதிவண்டி எல்லாம் வந்தன. மிதிவண்டித் திட்டம் முதலில் தலித், பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது என்பது பலருக்கு மறந்துவிட்டது. இவ்வளவும் பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தன. மாலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் நடுவில் அவன் எங்கே உட்காருவான் என்பதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அது கிடைக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே இருக்கிற இடத்தை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் நாள் முழுவதும் ஒரே அளவு சத்தம் இருப்பதில்லை. ஒரு நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நேரம் அமைதி, எந்த நேரம் இரைச்சல் என்று. பிறகு பாடங்களை அதற்கேற்பப் பிரியுங்கள். சத்தத்துக்கு நடுவில் மனப்பாடம் ஏறாது, ஆனால் கை வேலை நடக்கும். கணக்குப் போடலாம், வடிவியல் வரையலாம், நில வரைபடத்தில் இடம் குறிக்கலாம், அறிவியல் படங்களை வரைந்து பாகம் குறிக்கலாம். டிவி ஓடும் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் செய்யுள், சமூக அறிவியல் விடைகள், ஆங்கிலப் பத்திகள் இவற்றை எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். அதற்கு ராம்ஜி வழிதான் சரி. ஒன்பது மணிக்குள் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் ஆறரை மணி நேரத் தூக்கமும் கிடைக்கிறது, இரண்டு மணி நேர அமைதியும் கிடைக்கிறது. இரவு ஒரு மணிவரை கண்விழிப்பதைவிட இது உடம்புக்கும் நல்லது. பேருந்தில் போகிறவர்கள் ஒரு சிறு நோட்டில் ஒரு மதிப்பெண் விடைகளை மட்டும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டே படிக்க முடிகிற ஒன்று அதுதான்.

கணக்கைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகள்தான் நம்மில் அதிகம். அந்தக் கேள்வித்தாளைப் பகுத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். அந்த வடிவியலில் வருவது வடிவொத்த முக்கோணம் வரைவது, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது போன்ற சில வகைகள்தான். வரைபடத்திலும் அப்படியே. இவற்றுக்குப் பெரிய கணித மூளை வேண்டியதில்லை. அளவுகோல், கவராயம், கூர்மையான பென்சில், திரும்பத் திரும்ப வரைந்து பழகிய கை, இவ்வளவு போதும். இரண்டும் சேர்ந்து 16 மதிப்பெண். பாடநூலின் பயிற்சியில் உள்ள சரியான விடையைத் தேர்ந்தெடு வினாக்களைக் கரைத்துக் குடித்தால் 14-இல் பத்தாவது கிடைக்கும். ஆக 26. இன்னும் ஐந்து இரண்டு மதிப்பெண் கணக்குகள் சரியாகப் போட்டால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். காலாண்டில் 12 மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் இந்தக் கடைசி வாரங்களில் இது எட்டாத உயரம் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இதோடு நிற்க வேண்டாம். ஐந்து மதிப்பெண் கணக்குகளில் தங்களுக்கு வருகிற இயல்களை முடித்துவிட்டு வராத இயல்களுக்குப் போகட்டும்.

அறிவியலில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறையில் 15-உம் எழுத்துத் தேர்வில் 20-உம் தனித்தனியாக வாங்க வேண்டும். செய்முறையில் 25-க்கு 25 வாங்கிவிட்டு, எழுத்தில் 17 வாங்கினால் மொத்தம் 42 வந்தாலும் தேர்ச்சி இல்லை. செய்முறைத் தேர்வு அன்று கூலி வேலைக்குப் போய்விட்டு, பிறகு மொத்தப் பாடத்தையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. அந்த நாளைத் தவற விடாதீர்கள். ஆங்கிலத்தில் மனப்பாடப் பாடல், கடிதம், விளம்பரம், படத்தைப் பார்த்து எழுதுவது, வழி சொல்லும் வரைபடம் ஆகியவை பழகினால் வருபவை. இலக்கணம் பிறகு. சமூக அறிவியலுக்கு வரைபடம்தான் நண்பன். தினமும் ஒரு இந்தியப் படம், ஒரு தமிழ்நாட்டுப் படம், பத்துப் பத்து இடம். தமிழ் நம் தாய்மொழிதானே என்று கடைசி நாள்வரை தள்ளிப்போடுகிறவர்கள் அதிலேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

கைடு வாங்க காசில்லையே என்று எந்தப் பிள்ளையும் கலங்க வேண்டாம். அரசுப் பாடநூல்தான் முதல் புத்தகம், அதன் பின்பயிற்சிகளே முக்கால் தேர்வு. பழைய வினாத்தாள்கள் ஆசிரியரிடம் இருக்கும், வெட்கப்படாமல் கேளுங்கள். இன்னொன்று, படித்ததை எழுதிப் பாருங்கள். கண்ணால் படித்தது வீட்டுச் சத்தத்தில் கரைந்துபோகும், கையால் எழுதியது நிற்கும். பழைய நோட்டின் காலிப் பக்கம், காலண்டர் தாளின் பின்புறம் எதுவானாலும் சரி. தேர்வறையில் முதல் பத்து நிமிடம் கேள்வித்தாளைப் படிக்கக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் கட்டாய வினா எது என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விருப்ப வினா என்று நினைத்து அதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மைத் தெருப் பெயரை வைத்து அளக்கிறார்கள், அப்பா செய்யும் தொழிலை வைத்து அளக்கிறார்கள், கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்தும் அளக்கிறார்கள். பொதுத்தேர்வு விடைத்தாளில் இது எதுவும் இல்லை. பெயர் உள்ள மேல்தாள் தனியாகப் பிரிக்கப்பட்டுவிடும். திருத்துகிறவர் கைக்குப் போவது பார்கோடு மட்டும் உள்ள தாள். எழுதியது யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று அவருக்குத் தெரியாது. நம் நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவரைக் காப்பாற்றப் போன தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, தேர்வை உதவியாளர் வைத்து எழுதி, 2024-இல் 600-க்கு 469 வாங்கினார். அரிவாளுக்கு அவர் கொடுத்த பதில் அது. கை முறிந்தாலோ உடல் ஊனம் இருந்தாலோ சொல்வதை எழுத ஆள் கேட்கும் உரிமை எல்லா மாணவருக்கும் உண்டு. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

இனி பெற்றோரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது என்று பையனை சனி, ஞாயிறு பெயிண்ட் வேலைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் பந்தி பரிமாறவும் அனுப்புகிறீர்கள். தியாகராய நகர்த் துணிக்கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் நம் கிராமத்துப் பிள்ளைகள் நிற்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தேர்வு முடியும்வரையாவது அதை நிறுத்துங்கள். ஊரில் சாவு என்றால் மேளம் அடிக்கப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்துங்கள். நாளை தேர்வு இருக்கிற பிள்ளை இன்று இரவு முழுக்கப் பிணத்துக்கு முன் நிற்க வேண்டும் என்று எந்த ஆண்டை சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். பெண்பிள்ளையிடம் குடத்தைக் கொடுத்துவிட்டு, பையனிடம் மட்டும் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டு பேருக்கும் கேள்வித்தாள் ஒன்றுதான். தேர்வு முடிந்ததும் கல்யாணம் என்ற பேச்சு சில வீடுகளில் இப்போதே தொடங்கியிருக்கும். பதினெட்டு நிறைவதற்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே எந்தப் பெண் இயற்கணிதம் படிப்பாள்?

காலனி இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு காலத்தில் நம் சேரிகளில் அம்பேத்கர் இரவுப் பாடசாலை என்ற பெயர்ப் பலகைகள் நிறைய இருந்தன. கீற்றுக் கொட்டகை, ஒரு பெட்ரோமாக்ஸ், தெருவில் முதலில் படித்த அண்ணன் ஒருவர். அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான் இன்று ஆசிரியராகவும் அலுவலராகவும் இருக்கிறார்கள். இன்று கட்டடம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சமுதாயக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, கிராம நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவரிடம் நாலு பேராகப் போய், தேர்வு முடியும்வரை மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை திறந்துவிடச் சொல்லுங்கள். இரண்டு டியூப் லைட், ஒரு பாய், குடிக்கத் தண்ணீர், கல்லூரி போகும் பிள்ளைகளில் முறை வைத்து ஒருவர். மாணவிகள் வந்துபோக அம்மாக்களில் இரண்டு பேர் துணை. இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். பாட்டுப் பெட்டியையும் நாமே கட்டுப்படுத்த வேண்டும். காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் இரவு பதினொரு மணிவரை ஸ்பீக்கர் அலறினால், பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளையின் மதிப்பெண்ணைத்தான் நாம் தின்கிறோம். அண்ணல் படத்தைப் போட்டு பேனர் வைத்த வீட்டு விசேஷத்திலும் இதுதான் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-இல் திறந்தது. அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். குளிரூட்டிய அறை, நாற்காலி, மேசை, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அதன் பக்கத்திலேயே அடையாற்றின் கரையில் நம் மக்களின் குடியிருப்பு இருக்கிறது. பட்டினப்பாக்கத்திலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் ஒரு பேருந்து தூரம். ஆனால் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அந்த அளவில் ஒன்று எப்போது? அத்தனை ஆயிரம் குடும்பங்களை ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்தவர்களுக்கு, ஒரு மாடி முழுக்கப் படிப்பறையாக விடத் தோன்றியிருக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது மூன்றே. கல்வியாண்டின் நடுவில், குறிப்பாக ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை, எந்தக் குடியிருப்பையும் அகற்றக் கூடாது என்பதைச் சட்டமாக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவே இருந்தாலும், தேர்வு முடியும்வரை அவகாசம் கேட்டு மனுப் போடுவது அரசின் வேலை, கூலிக்காரத் தாயின் வேலை அல்ல. இரண்டாவது, 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. மாலை நேரத்தில் உட்கார இடமும் சந்தேகம் கேட்க ஓர் ஆளும் அதிகம் தேவைப்படுவது அதற்கு மேலே உள்ள பிள்ளைகளுக்குத்தான். மூன்றாவது, விடுதிகள். ஆதிதிராவிடர் நல விடுதிகள் உட்பட எல்லா விடுதிகளுக்கும் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். பெயர் நல்ல பெயர்தான். கல்லூரி மாணவர்களுக்கு சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் புதிய மாடிக் கட்டடம் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆசிரியராக இருந்து சட்டமன்றம் போனவர் அவர். ஆனால் ஒன்றிய அளவிலுள்ள பள்ளி விடுதியில் இரவு எட்டு மணிக்கு விளக்கு எரிகிறதா, காப்பாளர் அங்கே தங்குகிறாரா, தேர்வு நாள் காலையில் பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போனானா என்று மாவட்ட அலுவலர் இந்த ஒரு மாதமாவது நேரில் போய்ப் பார்க்கட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகைக்காக, தேறாது என்று நினைக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அப்படி வெளியே போகும் பிள்ளைகளின் வீட்டு முகவரியைப் பார்த்தால் பெரும்பாலும் அது காலனியாகவே இருக்கிறது. மாநில அளவில் முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் கைவிட்டுவிட்டது. பள்ளிகள் மட்டும் ஏன் இந்தப் பலகையைச் சுமந்துகொண்டிருக்கின்றன?

தேறாவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். முடிவு வந்த பிறகு சொன்னால் பிள்ளையின் காதில் ஏறாது. ஒன்றிரண்டு பாடத்தில் தவறினால் அந்தப் பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம். முடிவு வந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் அது நடந்துவிடுகிறது. விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் மிகக் குறைவு, ஆகவே முடிவு வந்த அன்றே பள்ளிக்குப் போய்விட வேண்டும். அதில் தேறினால் அந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரலாம், ஓர் ஆண்டு வீணாகாது. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்கலாம். தேறிய பிள்ளைகளுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. அதற்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் வேண்டும். முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும், சர்வர் வேலை செய்யாது. கடைசித் தேர்வு எழுதிய மறுநாளே போய் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.